எங்கும் நிற்பவர், எங்கே நிற்பார்? கல்லூரியிலிருந்து என்எஃப்எல்லுக்குப் போகும் தடுப்பாட்டக்காரரைப் பின்தொடர ஒரு வழிகாட்டி

ஏப்ரலில் என்எஃப்எல் டிராஃப்ட் (அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீகில் அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுக்கும் நிகழ்வு) நெருங்கும்போது அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு புகழ்ச்சி தவறாமல் காதில் விழும்: இந்தப் பையனை எங்கே நிறுத்தினாலும் ஆடுவான். அது பாராட்டா, எச்சரிக்கையா என்று டிராஃப்ட் நாளில் யாராலும் சொல்ல முடியாது. 2020-இல் 8-ஆவது ஆளாக எடுக்கப்பட்ட ஐசையா சிம்மன்ஸுக்கு அந்தத் திறமையே சுமையாகிப் போனது. 2022-இல் 14-ஆவது ஆளாக எடுக்கப்பட்ட கைல் ஹாமில்டனுக்கு அதுவே சொத்தானது. இருவருமே 6 அடி 4 அங்குலம். இருவருமே கல்லூரியில் பின்வரிசையிலும் முன்வரிசையிலும் மாறி மாறி ஆடியவர்கள். ஆனால் போய்ச் சேர்ந்த இடம் வேறு.

அமெரிக்கன் ஃபுட்பாலை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விதிப்புத்தகத்தை முதலிலிருந்து படிப்பதைவிட, ஒரே ஒரு கல்லூரி வீரரைத் தேர்ந்தெடுத்து அவர் பின்னாலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் போவது நல்லது. எல்லோரும் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். நீங்கள் இடம் மாறி ஆடும் ஒரு தடுப்பாட்டக்காரரைத் தேர்ந்தெடுங்கள். அவரைத் தேடிக்கொண்டே களத்தின் எல்லா மூலைகளையும் பார்த்துவிடுவீர்கள்.

1. முதலில் நான்கு இடங்கள், பிறகு ஐந்தாவது

பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 முயற்சிகள். அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சியும் ஒரு டவுன். பந்து தரையிலிருந்து பின்னால் கை மாறும் அந்த நொடி ஸ்நாப்.

தடுக்கும் பக்கத்தில், பந்துக்கு நேர் எதிரே குனிந்து நிற்கும் கனத்த ஆட்கள் டிஃபென்சிவ் லைன். அவர்களுக்கு நான்கைந்து யார்டு பின்னால் லைன்பேக்கர்கள்: ஓடி வருபவரை மடக்குவது இவர்கள் வேலை, சில நேரம் குவார்ட்டர்பேக் மீது பாய்வார்கள், சில நேரம் பாஸ் போகும் வழியை அடைப்பார்கள். இரண்டு ஓரங்களிலும் கார்னர்பேக்குகள், பாஸைப் பிடிக்க ஓடும் எதிரணியின் வேகமான ரிசீவர்களோடு ஒட்டிக்கொண்டு ஓடுவார்கள். எல்லோருக்கும் பின்னால் பத்துப் பதினைந்து யார்டு தள்ளி சேஃப்டிகள். மற்றவர்கள் விட்டதைப் பிடிப்பவர்கள்.

ஐந்தாவது இடம்தான் நம் ஆளுக்குரியது. ஓரத்து ரிசீவருக்கும் முன்வரிசைக்கும் நடுவே உள்ள வெளிக்கு ஸ்லாட் என்று பெயர். எதிரணி மூன்றாவது ரிசீவரை அங்கே நிறுத்தும்போது, தடுக்கும் அணி ஒரு லைன்பேக்கரை வெளியே எடுத்துவிட்டு ஐந்தாவது பின்வரிசை வீரரை உள்ளே அனுப்பும். இந்த ஏற்பாடு நிக்கல். ஒரு காலத்தில் அவசரத்துக்கு மட்டும் வந்துகொண்டிருந்தது; இன்று என்எஃப்எல்லில் பாதிக்கும் மேற்பட்ட ஸ்நாப்களில் களத்தில் இருப்பது இதுதான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அங்கே நிற்பவர் ஒல்லியாக இருந்தால் எதிரணி அவர் பக்கமாகவே ஓடும். கனமானவரை நிறுத்தினால் அவர் தலைக்கு மேல் பாஸ் போடும். எதிரணி கூடிப் பேசாமல் வரிசையாக ஸ்நாப் எடுத்தால் ஆளை மாற்றவும் நேரம் கிடைக்காது. ஓட்டத்தையும் நிறுத்தி, பாஸையும் அடைத்து, தேவைப்பட்டால் குவார்ட்டர்பேக் மீதும் பாயக்கூடிய ஓர் ஆள் இருந்தால், தடுப்புப் பயிற்சியாளர் களத்திலிருந்து யாரையும் வெளியே எடுக்க வேண்டியதில்லை. அவர் என்ன திட்டமிடுகிறார் என்பதும் ஸ்நாப் வரைக்கும் எதிரணிக்குத் தெரியாது. இப்படிப்பட்டவர்களை அணிகள் தேடித் தேடி எடுப்பதற்குக் காரணம் இதுதான்.

2. சனிக்கிழமை: பந்தைப் பார்க்காதீர்கள்

கல்லூரி ஆட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடக்கும். உங்கள் ஆளின் சட்டை எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொரு ஸ்நாப்புக்கும் முன்னால் மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும். முன்வரிசையிலிருந்து எத்தனை யார்டு தள்ளி நிற்கிறார்? அவருக்கு எதிரே நிற்பது யார்: ரிசீவரா, டைட் எண்டா (முன்வரிசை ஓரத்தில் நின்று பாஸும் பிடிப்பவர்), யாருமில்லையா? மூன்றாவது டவுனில் இடம் மாறுகிறாரா?

மூன்றாவது கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம். மூன்றாவது டவுனில் பாஸ் வரும் என்பது அரங்கத்துக்கே தெரியும். அந்த நேரத்தில் பயிற்சியாளர் இவரை எந்த வேலைக்கு அனுப்புகிறாரோ அதுதான் இவருடைய உண்மையான பலம். முதல் டவுனில் எங்கே நின்றாலும் பரவாயில்லை.

ஒரு தொல்லை உண்டு. தொலைக்காட்சிக் கேமரா பந்தின் பின்னாலேயே போகும். ஆழத்தில் நிற்கும் சேஃப்டி திரைக்கு வெளியே இருப்பார். 22 பேரும் தெரியும்படி மேலிருந்து எடுக்கும் ஆல்-22 காட்சிகளை என்எஃப்எல் தன் கட்டணச் சேவையில் தருகிறது. கல்லூரி ஆட்டங்களுக்கு அவ்வளவு எளிதில் கிடைக்காது. ரீப்ளே வரும்போது அரங்கின் முனையிலிருந்து எடுத்த கோணம் காட்டினால் அதை விடாதீர்கள்.

அலபாமா, ஜார்ஜியா மாதிரியான பல்கலைக்கழகங்களில் ஸ்லாட் தடுப்பாளரை ‘ஸ்டார்’ என்பார்கள். மின்கா ஃபிட்ஸ்பாட்ரிக், பிரையன் பிராஞ்ச் இருவரும் அலபாமாவில் அந்த வேலை பார்த்தவர்கள்தான். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென்று ஒரு பெயர் வைத்திருக்கும். பெயர்களை மனப்பாடம் செய்யாதீர்கள், நிற்கும் இடத்தைப் பாருங்கள்.

3. இரண்டு ஆட்டங்களும் ஒன்றல்ல

புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான். கல்லூரியில் மின்னியவர் என்எஃப்எல்லில் திணறினால் எதிராளிகள் வேகம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். விதிகளும் களத்துக் கோடுகளுமே மாறுகின்றன என்பதை யாரும் சொல்வதில்லை.

களத்தின் அகலம் இரண்டிலும் 160 அடி. நடுவில் ஹாஷ் என்னும் சிறு கோடுகள் இரண்டு வரிசையாகப் போகும். ஒவ்வொரு ஸ்நாப்பும் அந்த இரண்டு வரிசைகளின் மீதோ அவற்றுக்கு நடுவிலோ தொடங்க வேண்டும். கல்லூரியில் அவற்றுக்கு இடையே 40 அடி. என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம் மட்டுமே. கல்லூரியில் பந்து ஹாஷ் மீது இருந்தால் ஒரு பக்கம் 100 அடி வெளி, மறுபக்கம் 60 அடி. அகலமான பக்கம், குறுகலான பக்கம் என்று வேலையைப் பிரித்து, நம் பல்திறனாளரை அகலமான பக்கத்தில் விட்டுவிடலாம். அவருடைய வேகத்துக்கு அங்கே இடமிருக்கும். என்எஃப்எல்லில் பந்து எப்போதும் ஏறக்குறைய நடுவில் இருக்கும்; எதிரணி இரு பக்கமும் போகலாம். வேகம் மட்டும் போதாது, முன்கூட்டியே கணிக்க வேண்டும்.

அடுத்தது ரிசீவரைத் தொடுவது. என்எஃப்எல்லில் 5 யார்டுக்கு அப்பால் ரிசீவரைப் பிடித்துத் தள்ளினால் அபராதம், அதோடு எதிரணிக்குப் புதிதாக 4 டவுன்கள். கல்லூரியில் பந்து காற்றில் ஏறும்வரை இந்த விஷயத்தில் இன்னும் தாராளம். உடல் பலத்தை நம்பிய உயரமான சேஃப்டிகள் முதல் ஆண்டில் மஞ்சள் கொடி (தவறு நடந்தால் நடுவர் வீசுவது) வாங்கிக் குவிப்பதில் இதற்குப் பங்கு உண்டு.

மூன்றாவது மாற்றம் லைன்பேக்கர்களுக்குச் சாதகமானது. கல்லூரியில் பாஸ் ஆட்டத்திலும் தாக்கும் அணியின் முன்வரிசை ஆட்கள் 3 யார்டு வரை முன்னேறலாம். அவர்கள் பாய்ந்து வருவதைப் பார்த்து இது ஓட்டம்தான் என்று லைன்பேக்கர் முன்னால் ஓடுவார். பந்து அவர் தலைக்கு மேல் போகும். என்எஃப்எல்லில் அந்த வரம்பு 1 யார்டு. அந்த ஏமாற்று அங்கே இத்தனை எளிதல்ல.

பருவத்தின் நீளமும் சேர்ந்துகொள்கிறது. கல்லூரியில் வழக்கமான பருவம் 12 ஆட்டங்கள். என்எஃப்எல்லில் 2021-லிருந்து 17. நவம்பர் கடைசியில் புது ஆட்களின் கால்கள் கனத்துப்போவதைத் திரையிலேயே பார்க்கலாம்.

4. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை

பள்ளி முடித்து 3 ஆண்டுகள் ஆனவர்தான் டிராஃப்டுக்குத் தகுதி. நான்கு ஆண்டு படிப்பை முடிக்காதவர்கள் ஜனவரியில் தங்கள் முடிவை அறிவிப்பார்கள். 2021-லிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கலாம் என்றான பிறகு, முதல் சுற்றில் வருவோமா என்ற சந்தேகம் உள்ளவர்கள் இன்னோர் ஆண்டு தங்கிவிடுவது அதிகமாகியிருக்கிறது.

பிறகு அலபாமா மாநிலம் மொபைல் நகரில் சீனியர் பௌல், டிராஃப்டுக்குப் போகும் கல்லூரி வீரர்களின் காட்சி ஆட்டம். ஆட்டத்தை விட்டுவிடுங்கள், அதற்கு முந்தைய நாள்களின் பயிற்சியைப் பற்றி வரும் செய்திகளைப் படியுங்கள். ரிசீவரும் தடுப்பாளரும் ஒற்றைக்கு ஒற்றை மோதும் பயிற்சியில் நம் ஆளை யார் எதிரே நிறுத்துகிறார்கள் என்பதே பாதிக் கதை சொல்லிவிடும்.

பிப்ரவரி கடைசியில் இண்டியானாபொலிஸில் கம்பைன், அதாவது டிராஃப்டுக்கு முந்தைய உடல்திறன் சோதனை. 40 யார்டு ஓட்டம், நின்ற இடத்திலிருந்து எம்பிக் குதிப்பது, 225 பவுண்டு எடையைப் படுத்தபடி தூக்குவது எல்லாம் இங்கேதான். இடவாரியாகக் குழு பிரித்துத்தான் ஓடவிடுவார்கள்; ஆக, நம் ஆளும் ஏதாவது ஒரு குழுவில் நின்றாக வேண்டும். சிம்மன்ஸ் லைன்பேக்கர் குழுவோடு நின்று, 238 பவுண்டு உடம்போடு 40 யார்டை 4.39 நொடியில் ஓடினார். பார்த்தவர்கள் வாய்பிளந்தார்கள். ஹாமில்டன் 4.59 எடுத்தார், சேஃப்டிக்கு இது மெதுவாயிற்றே என்று பேச்சு கிளம்பி, அவர் பெயர் வரிசையில் கீழிறங்கியது.

அந்த 0.20 நொடியை நம்பி அணிகள் பண்ணிய கணக்கு எப்படி முடிந்தது என்று அடுத்த படியில் வருகிறது. கம்பைன் எண்களைப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் களத்தில் சரியான நேரத்தில் முதல் அடி எடுத்து வைப்பவருக்கு 40 யார்டை நேர்கோட்டில் ஓட வேண்டிய தேவை அநேகமாக வருவதே இல்லை.

5. டிராஃப்ட் இரவு: எண்ணைப் பார்க்காமல் முகவரியைப் பாருங்கள்

டிராஃப்ட் ஏலமல்ல. 32 அணிகள், 7 சுற்றுகள். முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. வீரருக்குப் போகும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. சம்பளமும் எந்த எண்ணில் எடுக்கப்பட்டார் என்பதை வைத்தே ஏறக்குறைய தீர்மானமாகிவிடும். 2011 ஒப்பந்தத்திலிருந்து இப்படித்தான்.

பெயர் படிக்கப்பட்டதும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அந்த அணியின் தடுப்பை நடத்தும் கோஆர்டினேட்டர் யார், இதற்கு முன் இப்படி ஓர் ஆளை எப்படி ஆடவைத்தார்? நம் ஆள் நிற்கக்கூடிய இடங்களில் ஏற்கெனவே யார் நிற்கிறார்கள்? முதல் ஆட்டத்தில் அவருக்கு என்ன ஒரே வேலை கொடுக்கப் போகிறார்கள்?

சிம்மன்ஸ் கதையை இந்தக் கேள்விகளோடு படியுங்கள். கிளெம்சனில் நாட்டின் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது வாங்கியவர். அதே பருவத்தில் ஸ்லாட்டிலும் ஆழமான சேஃப்டியாகவும் நிறைய ஆடியிருந்தார். அரிசோனா கார்டினல்ஸ் அவரை உள் லைன்பேக்கராக்கியது. அது கொரோனா ஆண்டு; வசந்தகாலப் பயிற்சி திரைவழியாக, முன்பருவ ஆட்டங்கள் முற்றாக ரத்து. புது இடத்தைக் கற்றுக்கொள்ள அதைவிட மோசமான ஆண்டு வாய்த்திருக்காது. முதல் ஆட்டத்திலேயே சான் ஃபிரான்சிஸ்கோவின் ரஹீம் மோஸ்டர்ட் அவரைத் தாண்டி 76 யார்டு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது) அடித்தார். பிறகு இடம் மாறினார், மறுபடி மாறினார். 2023-இல் புதிய பயிற்சியாளர் வந்ததும் பின்வரிசைக்கு அனுப்பப்பட்டார். அந்த ஆகஸ்டிலேயே டிராஃப்டின் ஒரு ஏழாம் சுற்று வாய்ப்புக்கு ஈடாக நியூயார்க் ஜயன்ட்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். 8-ஆவதாக வாங்கிய ஆளை விற்ற விலை அது. பேட்டிங்கும் பந்துவீச்சும் தெரிந்தவரை வாங்கிவிட்டு, ஏழாவதாக இறக்குவதா மூன்றாவதாக இறக்குவதா என்று பருவம் முழுக்கக் குழம்பும் கிரிக்கெட் அணிகளை நாம் பார்த்திருக்கிறோம். அதே குழப்பம்தான்.

ஹாமில்டனுக்கு பால்டிமோர் ரேவன்ஸ். அங்கே சேஃப்டி இடத்தில் மார்கஸ் வில்லியம்ஸும் சக் கிளார்க்கும் இருந்தார்கள். இடமில்லாதது நல்லதாகப் போயிற்று. கோஆர்டினேட்டர் மைக் மெக்டொனால்ட் முதல் ஆண்டில் அவருக்குப் பெரும்பாலும் ஸ்லாட் வேலையைக் கொடுத்தார். இரண்டாம் ஆண்டில் வேலைகள் கூடின; 2023 செப்டம்பரில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 3 முறை குவார்ட்டர்பேக்கைத் தரையில் சாய்த்தார். பின்வரிசையில் ஆடும் ஒருவருக்கு இது அபூர்வம். பருவ முடிவில் ஆல்-புரோ முதல் அணி, அதாவது லீகின் அந்த ஆண்டுச் சிறந்த வீரர்களின் பட்டியல். மெக்டொனால்ட் பிறகு சியாட்டில் சீஹாக்ஸின் தலைமைப் பயிற்சியாளரானார். 2025 டிராஃப்டில் வரிசையில் மேலேறி, 35-ஆவது ஆளாக சவுத் கரோலைனாவின் நிக் எமன்வோரியை எடுத்தார். 6 அடி 3 அங்குலம், 220 பவுண்டு, சேஃப்டி. இந்த வகை ஆளை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரிந்த கோஆர்டினேட்டர் எங்கே போகிறாரோ, அங்கே இன்னொருவருக்கும் வேலை காத்திருக்கும்.

ஃபிட்ஸ்பாட்ரிக் கதை இன்னும் சுவையானது. 2018-இல் 11-ஆவது ஆளாக மயாமி டால்ஃபின்ஸுக்குப் போனார். அங்கே பல இடங்களில் சுற்றவிட்டார்கள். அவருக்குப் பிடிக்கவில்லை, விடுவிக்கச் சொன்னார். 2019 செப்டம்பரில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் ஒரு முதல் சுற்று வாய்ப்பைக் கொடுத்து அவரை வாங்கி, ஆழமான சேஃப்டியாக ஒரே இடத்தில் நிறுத்தியது. அந்த ஆண்டே ஆல்-புரோ, அடுத்த ஆண்டும், 2022-இலும். ஆள் அதே ஆள்தான். (2025-இல் அவர் மறுபடி மயாமிக்கே போய்ச்சேர்ந்தார் என்பது இந்த லீகின் குறும்பு.)

திட்டமிடாமல் கிடைத்த அதிர்ஷ்டமும் உண்டு. மைக்கா பார்சன்ஸ் பென் ஸ்டேட்டில் லைன்பேக்கர். 2021-இல் 12-ஆவதாக டாலஸ் கௌபாய்ஸ் எடுத்ததும் அந்த வேலைக்குத்தான். இரண்டாவது ஆட்டத்துக்கு முன், முன்வரிசையின் விளிம்பில் ஆடும் டிமார்கஸ் லாரன்ஸுக்குப் பாதம் முறிய, பார்சன்ஸை அந்த விளிம்பிலிருந்து குவார்ட்டர்பேக் மீது பாயவிட்டார்கள். அந்தப் பருவம் 13 சாக் (குவார்ட்டர்பேக்கைத் தரையில் சாய்ப்பது).

6. மே முதல் ஆகஸ்ட் வரை

இந்தக் காலத்தில் செய்தி அதிகம், விஷயம் குறைவு. முகாமில் 90 பேர். ஆகஸ்ட் கடைசியில் 53 ஆகக் குறைப்பார்கள். விடுபட்டவர்களில் சிலரை அதே அணியோ வேறு அணியோ பயிற்சிக் குழுவில் வைத்துக்கொள்ளும். உங்கள் ஆள் முதல் மூன்று சுற்றுக்குள் வந்தவர் என்றால் 53-இல் இருப்பது ஏறக்குறைய உறுதி. பிந்தைய சுற்று, அல்லது யாருமே எடுக்காதவர் என்றால் ஒன்றை மட்டும் பாருங்கள்: ஸ்பெஷல் டீம்ஸ், அதாவது உதைத்த பந்தைத் துரத்தும் குழுக்கள். நான்கு குழுக்களில் ஓடத் தெரிந்த பின்வரிசை வீரரை எந்தப் பயிற்சியாளரும் எளிதில் வெளியே அனுப்ப மாட்டார். பல்திறன் சோறு போடும் இடம் முதலில் இதுதான். தொலைக்காட்சியில் இதை யாரும் பேசுவதில்லை.

7. ஞாயிற்றுக்கிழமை: ஸ்நாப் கணக்கு

ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் யார் எத்தனை ஸ்நாப் ஆடினார் என்று வெளியாகும். டேக்கிள் (பந்தோடு ஓடுபவரை மடக்கி வீழ்த்துவது) எண்ணிக்கையைவிட இதற்கு முக்கியத்துவம் கொடுங்கள். தடுப்பு ஸ்நாப் 20 சதவீதத்திலிருந்து 60-க்கு ஏறினால் பயிற்சியாளருக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று அர்த்தம். முதல் மாதம் உட்காரவைத்தால் பதற வேண்டாம்.

கூப்பர் டிஜீனைப் பாருங்கள். ஐயோவாவில் ஓரத்து கார்னர்பேக், பந்தைத் திருப்பி ஓடுபவரும்கூட. 2023 நவம்பரில் கால் எலும்பு முறிந்தது, கம்பைனில் ஓடவில்லை. சேஃப்டிக்குத்தான் லாயக்கு என்று சிலர், கார்னர்பேக்தான் என்று சிலர். இந்த வாதத்திலேயே முதல் சுற்று கடந்துபோய், 2024-இல் 40-ஆவது ஆளாக பிலடெல்பியா ஈகிள்ஸ் எடுத்தது. முகாமில் தொடைத் தசைப் பிடிப்பு வேறு. கோஆர்டினேட்டர் விக் ஃபாஞ்சியோ அவசரப்படவில்லை; பருவம் ஒரு மாதம் தாண்டிய பிறகே ஸ்லாட்டைக் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த இடம் அவருடையது. 2025 பிப்ரவரி 9, என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல், அவருடைய 22-ஆவது பிறந்தநாள்: எதிரணிக் குவார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸ் வீசிய பந்தைப் பறித்து 38 யார்டு ஓடி டச்டவுன். ஈகிள்ஸ் 40-22 என்று வென்றது. அந்த ஒரு காட்சியை மட்டும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஸ்நாப்புக்கு முன் எங்கே நிற்கிறார், பந்து கையைவிட்டுக் கிளம்பும்போது எந்தத் திசையில் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று. இரண்டாவது படியில் சொன்ன பழக்கத்துக்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

8. எப்போது தீர்ப்புச் சொல்லலாம்?

முதல் ஆண்டு முடிவில் வேண்டாம். டிராஃப்டில் வந்த எல்லோருக்கும் முதல் ஒப்பந்தம் 4 ஆண்டு. முதல் சுற்றில் வந்தவர்களுக்கு மட்டும் ஐந்தாம் ஆண்டையும் அணி கேட்டுக்கொள்ளலாம். அந்த முடிவு மூன்றாவது பருவம் முடிந்த மே தொடக்கத்துக்குள். சிம்மன்ஸுக்கு 2023-இல் கார்டினல்ஸ் வேண்டாம் என்று சொன்னது இந்தக் கட்டத்தில்தான். டிஜீன் போல இரண்டாம் சுற்றில் வந்தவருக்கு ஐந்தாம் ஆண்டு கிடையாது, அதனால் அணி முன்கூட்டியே பேச வேண்டியிருக்கும்.

அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு விநோதம் காத்திருக்கிறது. எல்லா இடத்திலும் ஆடினாலும், சம்பளம் பேசும்போது ஏதாவது ஓர் இடத்தின் பெயரில்தான் பேசுவார்கள். 2025 ஆகஸ்டில் ஹாமில்டன் கையெழுத்திட்டது 4 ஆண்டுக்கு 10.04 கோடி டாலர்; சேஃப்டிகளில் அதுவரை யாரும் வாங்காத தொகை, ஆண்டுக்கு ஏறக்குறைய 2.5 கோடி. அதே கோடையில் கார்னர்பேக்கான சாஸ் கார்ட்னர் ஆண்டுக்கு 3 கோடிக்கு மேல் பெற்றார். லைன்பேக்கராக வந்து விளிம்பில் பாய்பவராக மாறிய பார்சன்ஸ் அதே ஆகஸ்டில் கிரீன் பே பேக்கர்ஸுக்குப் போய் ஆண்டுக்கு 4.7 கோடி என்று முடித்துக்கொண்டார். நீங்கள் பின்தொடரும் இளைஞரை மூன்றாவது பருவத்தில் குவார்ட்டர்பேக் மீது அதிகம் பாயவிடுகிறார்கள் என்றால், அவருடைய ஏஜென்ட் அந்த ஸ்நாப்களை ஒன்றுவிடாமல் எண்ணிக்கொண்டிருப்பார்.